ஐந்து கோடி வருஷத்துப் பல்

அன்பு மகள் சிந்துஜாவுக்கு,

அம்பிட்டியவிலிருந்து அப்பா எழுதுவது. இங்கே என் இடது முழங்காலைத் தவிர அனைவரும் நலம். ஜேர்மனிக் குளிரில் நீயும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் இதையெல்லாம் கோர்வையாகச் சொல்ல வராது என்பதால் கடிதம்.

ஞாயிற்றுக்கிழமை உன்னைப் பெண் கேட்டு தெல்தெனியவிலிருந்து அன்னலட்சுமி அம்மாள் தன் மகன் சுதேஷுடன் வந்தார். நீ என்ன படிக்கிறாய் என்று முன்பு தரகர் கேட்டபோது "பல்லைப் பத்திப் படிக்குது" என்றிருந்தேன். அதில் பொய் இல்லை. அவர்களாகவே பல் டாக்டர் என்று எடுத்துக்கொண்டார்கள், நானும் திருத்தவில்லை, வடையும் பரிமாறியாயிற்று, அப்போது பார்த்து அந்த அம்மாள் என் முகத்துக்கு நேரே வாயைத் திறந்து, "அண்ணே, இந்தக் கடவாய்ப் பல்லு ஒரு மாசமா ஆடுது. மகளுக்கு வீடியோ கோல் எடுங்க, பாத்துச் சொல்லட்டும்" என்றார். நெட் இல்லை என்றேன். உன் அம்மா, "உண்மையச் சொல்லித் தொலைங்க" என்றாள்.

சொன்னேன். மகள் பார்க்கும் பல்லின் சொந்தக்காரர் செத்து ஐந்து கோடி வருஷம் ஆகிறது, பெயர் மியாசிஸ் என்றேன். திறந்த வாய் அப்படியே நின்றது. சுதேஷ் சிரித்துவிட்டு, "அது எப்பிடி இருக்கும், அங்கிள்?" என்றார். அலுமாரியிலிருந்து நீ அனுப்பிய படத்தை எடுத்தேன். கீரி அளவு உடம்பு, நீள வால், மரமேறும், இறைச்சியைக் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும் பல், நாய்க்கும் பூனைக்கும் கிட்டத்துச் சொந்தம், நேர் மூதாதை என்று அடித்துச் சொல்ல முடியாது என்று நான் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே போனேன். உன் கடிதங்களை வாசிப்பதில்லை என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவன் நான். வெட்கமாகிவிட்டது.

"அழிஞ்சு போனதப் படிச்சு என்ன பிரயோசனம்ணே?" என்றார் அந்த அம்மாள். விமான நிலையத்தில் நான் உன்னிடம் கேட்ட அதே கேள்வி. நீ அழுதுகொண்டே உள்ளே போனாய்.

"என் அப்பா இந்த மலையில தேயிலை நட்டுச் செத்துப்போனவர். அவர் பொறந்ததுக்குத் துண்டுக் கடுதாசி கிடையாது. எந்தக் கச்சேரிப் பதிவுலயும், அரசாங்கப் புத்தகத்திலயும் பேரு இல்ல. என் மக ஒரு பல்ல வச்சு, இப்பிடி ஒண்ணு இருந்திச்சுன்னு எழுதி வைக்குது" என்றேன். சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அன்று கேட்டதை மன்னித்துக்கொள், மகள்.

போகும்போது அன்னலட்சுமி அம்மாள், "டாக்டர் இல்லாட்டியும் பரவால்ல, வரச் சொல்லுங்க" என்றார். ஆகவே படிப்பை நிறுத்திவிட்டு தை மாதத்துக்குள் வந்து சேர். நல்ல இடம், விடக்கூடாது.

முருகன் உன் கண்பார்வையைக் காப்பாற்றட்டும்.

அப்பா
சின்னமுத்து

பி.கு.: ஒட்டும் முன் உன் அம்மா இதை வாசித்தாள். "நிறுத்திட்டு வரச் சொன்னது யாரு? அந்த வரிய அடிங்க" என்கிறாள். அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும். வாசிக்கும்போது நீயே அடித்துக்கொள்.