மச்சானின் அகப்பையும் என் மீசோக் கூழும்

எனக்கு முதலில் அநியாயம் செய்தவர் ஜேசுரட்ணம். என் மனைவி புஷ்பமலரின் கூடப்பிறந்த தமையன். எங்கள் மகள் பிளோறன்ஸ் முதன்முதலாக நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்துக்கு, நாங்கள் குடியேறிய வுப்பர்டால் நகரத்தின் கோயில் மண்டபத்தின் பின்னால் நின்று பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ் காய்ச்சியவன் நான். நண்டு உடைத்தது நான். புகை குடித்தது நான். கை கழுவப் போன நேரத்தில் மச்சான் அகப்பையைத் தூக்கிப் பரிமாறத் தொடங்கிவிட்டார். சனம் அகப்பையைப் பிடித்தவரைத்தான் பார்த்தது. அடுப்பில் நின்றவனை யார் பார்த்தார்கள்? அன்றைக்கே அவருக்குப் பெயர் 'கூழ் ஜேசு'. "இது இராயப்பு காய்ச்சின கூழ்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். மனுசன் சொல்லவில்லை.

2006 இல் எங்கள் கோயில் பங்கிலுள்ள யப்பானியப் பெண்கள் மீசோவுக்கு ஒரு விழா வைத்தார்கள். மீசோ என்றால் சோயாவை அவித்துப் புளிக்கவைத்த களி. பார்வைக்குப் பழப்புளி மாதிரி. வாயில் வைத்தால் முழு உப்பு. ஒவ்வொரு நாட்டாரும் தங்கள் சமையலில் மீசோ சேர்த்துக் கொண்டுவர வேண்டும். தமிழருக்கு மீசோக் கூழ். காய்ச்சுவது யார்? கேட்கவும் வேண்டுமா, 'கூழ் ஜேசு'தான்!

அன்றைக்கு ஒரு சபதம் எடுத்தேன். இப்போது நினைத்தால் வாயிலேயே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

நான் யப்பானியச் சாப்பாட்டுக்கடை ஒன்றில் கோப்பை கழுவுகிறவன். மீசோ போட்டால் உப்புப் போடக்கூடாது என்று எனக்குத் தெரியும். மச்சானுக்குத் தெரியாது. அவருடைய கூழ் உப்புக்கடலாக வேண்டும். சனம் துப்ப வேண்டும். அந்த நேரம் பார்த்து நான் காரின் பின்பெட்டியைத் திறந்து என் கூழை இறக்க வேண்டும்.

பொய்யை மச்சானிடம் சேர்ப்பிக்க வீட்டிலேயே வசதி இருந்தது.

"இஞ்சை பார் புஷ்பம், ஒரு ரகசியம். மீசோவிலை உப்பே இல்லை. வழமையிலும் ரெண்டு மடங்கு போட வேணும். கொண்ணைக்குச் சொல்லிப்போடாதை."

"நான் ஏன் சொல்லப்போறன்?"

"சத்தியமா?"

"மாதா அறிய."

சொல்லிவிட்டு ரெலிபோனோடு குளியலறைக்குள் போனாள். எனக்குப் பெரிய சந்தோசம். சொல்லாதே என்று நான் சொன்ன எதையும் அவள் சொல்லாமல் விட்டது கிடையாது.

விழாவன்று விடிய, கார் ரயர் மாற்றப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கூட்டாளி றெஜினோல்டின் கராஜில் அடுப்பு மூட்டினேன். நண்டு, இறால், பயத்தங்காய், செத்தல் மிளகாய். அடுப்பை அணைத்துவிட்டு மீசோவைக் கரைத்தேன். என் ஆயுளில் அப்படி ஒரு கூழ் வந்ததில்லை. வராமலே இருந்திருக்கலாம்.

சட்டியைப் பின்பெட்டியில் வைத்துப் பூட்டிக்கொண்டு, புஷ்பமலரை ஏற்ற வீட்டுக்கு வந்தேன்.

"என்னப்பா, ரயர் நண்டு மணக்குது?"

"ரயர்க்கடைக்குப் பக்கத்திலை மீன்கடை."

"ஓமோம்" என்றாள். மண்டபத்துக்குள் போனதும், "திறப்பைத் தாங்கோ, சால்வையைக் காருக்குள்ளை விட்டிட்டன்" என்றாள். கொடுத்தேன். வேறு எந்த முட்டாள் கொடுப்பான்?

நான் முன்வரிசையில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் மச்சான் அகப்பையோடு வந்தார். மேசையில் அவருக்கு முன்னால் இருந்த சட்டியைச் சுற்றிப் பூப்போட்ட யப்பானியத் துணி. முதல் கோப்பை விழாத் தலைவி ஹரூமி அம்மாவுக்கு. துப்பப் போகிறார் என்று கால்களை ஒதுக்கிக்கொண்டேன். அவர் கண்ணை மூடிக் குடித்தார். இன்னொரு கோப்பை கேட்டார். பாதிரியார் விரலை நக்கினார். நானும் ஒரு கோப்பை வாங்கினேன். ஒரு வாய்தான். 

என்னுடைய கூழ்!

காருக்கு ஓடினேன். பின்பெட்டி வெறுமை. பின்னால் புஷ்பமலர் வந்தாள்.

"என்ரை கூழ் எங்கையடி?"

"மெதுவாக் கதையுங்கோ. அண்ணைக்கு இடுப்பிலை நாரி பிடிச்சு, அடுப்படியிலை நிக்க ஏலாது. ஆர் காய்ச்சிறது எண்டு தலையைப் பிச்சுக்கொண்டிருந்தன். நீங்கள் 'சொல்லாதை' எண்டு வந்தீங்கள். அப்பவே விளங்கிச்சு, எங்கையோ ஒரு சட்டி கொதிக்கப்போகுது எண்டு. 'அகப்பையை மட்டும் கொண்டு வாங்கோ' எண்டு அண்ணைக்குச் சொன்னன்."

"என்னட்டைக் கேட்டிருக்கலாமே?"

"கேட்டிருந்தாக் காய்ச்சியிருப்பீங்களோ?"



"இப்பவே போய் எல்லாருக்கும் சொல்லப்போறன், அது என்ரை கூழ் எண்டு!"

"சொல்லுங்கோ. அப்பிடியே அந்த ரெண்டு மடங்கு உப்புக் கதையையும் சொல்லுங்கோ. பாதிரியாரும் நிக்கிறார், பாவசங்கீர்த்தனம் தனியாச் செய்யத் தேவையில்லை."

திரும்பி வந்து இருந்தேன். உப்பு எப்படி இவ்வளவு கச்சிதமாக வந்தது என்று ஹரூமி அம்மா மச்சானிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.

"கைப்பழக்கம்" என்றார் மச்சான். பிறகு என்னைக் கண்டார். அந்த ஒரு வார்த்தை இப்போதாவது வரும் என்று நிமிர்ந்து இருந்தேன்.

"என்ன மச்சான், முகம் வாடிக் கிடக்கு? இன்னொரு கோப்பை குடியும். நல்லா வந்திருக்கு."

மண்டபம் கலையும்போது புஷ்பமலர் காதுக்குள் சொன்னாள்: "இஞ்சருங்கோ, அண்ணை அந்தச் சட்டியைக் கேக்கிறார். ராசியான சட்டியாம்."

கழுவித் துடைத்துக் கொடுத்தேன். அந்த ஒரு வார்த்தையைப் போலவே சட்டியும் இன்னும் வந்து சேரவில்லை.