கீரிப்பூச்சிக்கு ஷிப்ட் போட்டவன் எழுதுவது

மதிப்பிற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

வணக்கம். வழக்கமாக இந்த இடத்தில் 'இங்கு அனைவரும் நலம்' என்று எழுதுவேன். இந்த முறை கை வரவில்லை. நான்கு பேரும் உயிரோடு இருக்கிறோம், நான்கு பேருக்கும் அரிக்கிறது. அங்கு நீங்களும் அக்காவும் பிள்ளைகள் இருவரும் நலமாக இருப்பீர்கள் என்பதில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. நீங்கள் எப்போதும் நலமாகத்தான் இருக்கிறீர்கள்.

தொலைபேசி இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். பேசலாம் என்றால் இந்தப் பக்கம் உங்கள் கொழுந்தியாள் காதைத் தீட்டிக்கொண்டு நிற்கிறாள், அந்தப் பக்கம் அக்கா எடுக்கிறார். ஆகவே 'மருத்துவமனைச் சலவைப் பிரிவுக் கண்காணிப்பாளர்' என்று உங்கள் பதவியை உறையின் மேல் எழுதி, உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்று போகும் 4.20 வண்டியின் நடத்துநரிடம் கொடுத்தனுப்புகிறேன். சகலைகள் இருவருக்குள் இருக்கட்டும். நான் கேட்கப்போவது ஒரே ஓர் உதவி. வெள்ளிக்கிழமை என் மனைவியும் பிள்ளைகளும் பெட்டியோடு உங்கள் வீட்டுக்கு வர முடிவெடுத்திருக்கிறார்கள். இடமில்லை என்று நீங்கள் சொல்லிவிட வேண்டும். ஏன் என்பதை ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

ஏழு வாரத்துக்கு முன்பு, மூன்றாம் தேதி செவ்வாய்க்கிழமை, சின்னவளின் வகுப்பு ஆசிரியை நோட்டில் ஒரு வரி எழுதி அனுப்பினார்: 'குழந்தை நாற்காலியில் உட்கார மறுக்கிறாள்.' அடம் என்று நினைத்து நான் கண்டித்தேன். அவள் நின்றுகொண்டே கேட்டுக்கொண்டாள். மறுநாள் விடிந்ததும் என் மனைவி டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு அவளை அறைக்குள் கூட்டிப் போனாள். வெளியே வந்து, "ஏங்க, வெள்ளை நூல் மாதிரி நெளியுதுங்க" என்றாள். அப்போது மணி 6.10. பேருந்துப் பணிமனையில் இருபத்திரண்டு வருடம் நேரக் காப்பாளனாக இருப்பவன் எதற்கும் மணி பார்ப்பேன் என்பது உங்களுக்குத் தெரியும். டாக்டரம்மாவிடம் போனோம். அவர் பதறவே இல்லை. "கீரிப்பூச்சி. சுத்தமான வீட்லயும் வரும். ஒருத்தருக்கு வந்தா வீட்ல எல்லாருக்கும் இருக்கும்னு வெச்சுக்கோங்க. நாலு பேரும் மாத்திரை போட்டுக்கணும், ரெண்டு வாரம் கழிச்சு மறுபடி ஒண்ணு" என்றார். அவர் அதற்கு மேலும் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். நான் கவனிக்கவில்லை. சீட்டின் பின்புறம் அட்டவணை போட ஆரம்பித்துவிட்டேன்.

அந்த அட்டவணையைப் பற்றி இதற்குள் உங்களுக்குச் செய்தி வந்திருக்கும். இருந்தாலும் என் பக்கத்து நியாயத்தையும் கேளுங்கள். பணிமனையில் எல்லா ஓட்டுநருக்கும் ஒரே நாளில் ஓய்வு கொடுத்தால் வண்டி ஓடுமா? மாத்திரை போட்டால் வயிற்றைப் புரட்டலாம், நான்கு பேரும் ஒரே நாளில் படுத்துவிட்டால் வீடு என்ன ஆவது? அதனால் திங்கள் சின்னவள், புதன் பெரியவள், வெள்ளி என் மனைவி, ஞாயிறு நான் என்று ஷிப்ட் போட்டேன். சுவரில் ஒட்டினேன். இரண்டு வாரம் கழித்து அதே வரிசையில் இரண்டாவது சுற்று. யாரும் ஒரு நாள்கூடத் தவறவில்லை. எங்கள் பணிமனையில் எந்தத் தடமும் அப்படி ஓடியதில்லை. இருந்தும் ஐந்தாவது வாரம் சின்னவள் மறுபடி நின்றுகொண்டு பாடம் எழுதினாள். டாக்டரம்மா, "எல்லாரும் போட்டீங்களா?" என்று கேட்டார். "ஒருத்தர் விடாம போட்டோம் டாக்டர்" என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். மூன்றாவது சுற்றும் முடிந்தது. இந்த முறை எனக்கே அரித்தது.

இதற்கு நடுவில்தான் நீங்கள் என் வீட்டுக்குள் வந்தீர்கள். ஆளாக வரவில்லை, பேச்சாக வந்தீர்கள். ஒருநாள் காலை 6.15 மணிக்கு நான் படுக்கை விரிப்புகளை பால்கனியில் நின்று ஓங்கி ஓங்கி உதறிக்கொண்டிருந்தேன். என் மனைவி உள்ளேயிருந்து ஓடிவந்தாள்.

"ஐயோ, உதறாதீங்க! முட்டையெல்லாம் பறந்து வீடு பூரா விழும். அப்படியே சுருட்டி எடுத்துட்டுப் போய் சுடுதண்ணில போடணும்னு அத்தான் சொன்னாரு."

"உங்க அத்தான் எப்ப சொன்னாரு?"

"போன்ல."

"எத்தனை மணிக்கு?"

"அதையும் சுவத்துல எழுதி ஒட்டணுமா?"

அண்ணா, அன்றிலிருந்து இந்த வீட்டில் எது செய்தாலும் உங்கள் பெயர் சொல்லித்தான் நடக்கிறது. நகத்தை ஒட்ட வெட்ட வேண்டும், அத்தான் சொன்னார். எழுந்ததும் முதல் வேலையாகக் குளிக்க வேண்டும், அத்தான் சொன்னார். தூசியை விளக்குமாற்றால் கிளப்பாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், அதையும் அத்தானே சொன்னார். இவற்றில் பாதியை டாக்டரம்மா முதல் நாளே சொன்னாராம், ஆனால் அத்தான் வாயிலிருந்து வந்தால்தான் அது மருத்துவம். ஆயிரம் கட்டில்களுக்கு விரிப்பு வெளுப்பவர் சொல்கிறார், மறுப்பதற்கு நான் யார்? உங்கள் வீட்டு அலமாரியைப் படம் பிடித்து அக்கா அனுப்பியிருந்தார். விரிப்புகள் எல்லாம் பள்ளிக்கூடம் திறக்கிற அன்று வாங்கிய நோட்டுகள் போல ஒரே விளிம்பில் அடுக்கியிருந்தன. என் மனைவி அந்தப் படத்தை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள். கல்யாணப் படத்தைக்கூட அவள் அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை.

நானும் சும்மா இருக்கவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் குடும்பத்தை வரிசையில் நிறுத்தி நாற்பது விரல்களுக்கும் என் கையால் நகம் வெட்டினேன். பெரியவளுக்குப் பதினோரு வயது, வாய் மட்டும் இருபதுக்கு. கையை நீட்டிக்கொண்டே, "அப்பா, பூச்சி எந்த ஸ்டாப்ல ஏறுது, எந்த ஸ்டாப்ல இறங்குதுன்னு எழுதிட்டீங்களா?" என்றாள். சின்னவள் இன்னும் மோசம். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்கு வந்து திரும்பியதும், "பெரியப்பா வீட்ல சோப்பு அமுக்கினா நுரையாவே வருதுப்பா. அங்க எனக்கு அரிக்கவே இல்ல" என்றாள்.

"நாலு மணி நேரம்தானடி இருந்த? அதுவும் பகல்ல? ராத்திரியிலதான அதிகமா அரிக்கும்?"

"இருந்தாலும் அரிக்கல."

மறுநாளே அந்த நுரை வருகிற சோப்பை வாங்கி வைத்தேன். முகர்ந்து பார்த்துவிட்டு, "இது பெரியப்பா வாசனை இல்ல" என்றாள்.

ஒன்றை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் வீட்டுக்கும் இந்தப் பூச்சி வரட்டும் என்று ஒரே ஒரு முறை நினைத்தேன். போன செவ்வாய்க்கிழமை காலை, ஈரத்துணியோடு கட்டிலுக்கு அடியில் கிடந்தபோது. அதிக நேரம் இல்லை, மூன்று நிமிடம் இருக்கும். பிறகு மனசாட்சி உறுத்தியது, அக்காவையும் பிள்ளைகளையும் விட்டுவிட்டு உங்களுக்கு மட்டும் வரட்டும் என்று மாற்றிக்கொண்டேன்.

இந்தத் திங்கட்கிழமை மூன்றாவது முறையாக டாக்டரம்மாவிடம் போனோம். என் உழைப்பை அவர் பார்க்கட்டும் என்று சுவரிலிருந்து அட்டவணையைப் பிரித்து எடுத்துப் போயிருந்தேன். அவர் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார்.

"யாரு இந்த ஷிப்ட் போட்டது?"

"நான்தான் டாக்டர்."

"எல்லாரும் ஒரே நாள்ல போடணும்னு அன்னைக்கே சொன்னேனே! திங்கக்கிழமை குழந்தைக்குச் செத்தா, வெள்ளிக்கிழமை வரைக்கும் அவங்க அம்மாகிட்ட உயிரோட இருக்கும். அவங்க கையிலிருந்து மறுபடி குழந்தைக்கு. ஏழு வாரமா பூச்சியை நீங்கதாங்க பத்திரமா கைமாத்தி விட்டிருக்கீங்க."

சட்டென்று எனக்குப் புரிந்தது. ஒரு வண்டியை நிறுத்தினால் பயணிகள் இறங்கிப் பின்னால் வரும் வண்டியில் ஏறிக்கொள்வார்கள். அந்த வண்டிகள் ஒன்றுக்கொன்று இணைப்புத் தவறாமல் நானே நேரம் குறித்துக் கொடுத்திருக்கிறேன். வெளியே மருந்து கட்டுகிற அம்மாள் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். அங்கிருந்து பேருந்து நிறுத்தம் வரை பதினோரு நிமிடம், என் மனைவி எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். நிறுத்தத்தில்தான் என் பக்கம் திரும்பினாள்.

"முதல் நாளே அத்தான்கிட்ட கேட்டிருக்கணும்."

"இப்ப அத்தான் எதுக்கு?"

"வெள்ளிக்கிழமை பிள்ளைங்களக் கூட்டிட்டு அக்கா வீட்டுக்குப் போறேன். மூணு பேரும் அங்கயே ஒரே நாள்ல மாத்திரை போட்டுக்கறோம். ரெண்டு வாரம் இருந்து ரெண்டாவதையும் போட்டுட்டு வர்றோம். நீங்களும் அதே நாள்ல இங்க போட்டுக்கிட்டு வீட்டைத் துடைச்சு வைங்க."

"நான் தனியாவா?"

"ஷிப்ட் போட்டுக்கோங்க."

இதுதான் நிலவரம். என் பயம் இப்போது பூச்சி இல்லை, அண்ணா. மாத்திரைக்கு அது ஒழிந்துவிடும். இரண்டு வாரம் உங்கள் வீட்டில் இருந்துவிட்டு அவர்கள் திரும்பி வரும்போது இந்த வீட்டை எப்படிப் பார்ப்பார்கள் என்பதுதான் பயம். போன விடுமுறையில் நான்கே நாள் தங்கிவிட்டு வந்து, கதவைத் திறந்ததும், "நம்ம வீடு எப்பவும் இவ்ளோ இருட்டாவா இருந்துச்சு?" என்று கேட்டவள் என் மனைவி. இதே வீட்டில் பன்னிரண்டு வருடம் குடித்தனம் செய்தவள்! சின்னவள் இப்போதே எந்த வெள்ளைத் துண்டைக் கண்டாலும் 'பெரியப்பா துண்டு' என்கிறாள். பதினான்கு நாள் கழித்து நானே ஒரு பழைய துண்டாகிவிடுவேன். அதனால்தான் கேட்கிறேன். வீட்டுக்கு வெள்ளை அடிக்கிறோம் என்று சொல்லுங்கள், தண்ணீர்க் குழாய் உடைந்துவிட்டது என்று சொல்லுங்கள், பளபளக்கிற உங்கள் வீட்டுக்குத் தொற்றைக் கொண்டுவரலாமா என்றுகூடச் சொல்லுங்கள், அதை உங்கள் வாயால் சொன்னால் அவள் நம்புவாள். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் சொல்லிவிட்டால் அவள் பெட்டி கட்டும் வேலை மிச்சம். மீதியை நான் பார்த்துக்கொள்கிறேன். நான்கு பேரும் ஒரே நாளில், என் வீட்டில், என் கண் முன்னால்.

அக்காவுக்கு என் வணக்கத்தையும் பிள்ளைகளுக்கு என் அன்பையும் சொல்லுங்கள். இல்லை, சொல்ல வேண்டாம், சொன்னால் கடிதம் வந்தது தெரிந்துவிடும். உங்கள் குடும்பம் எல்லா வளமும் பெற்று, இன்று போலவே என்றும் அரிப்பில்லாமல் இருக்க வாழ்த்துகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் அன்புச் சகலை

பின்குறிப்பு: புதன்கிழமை மாலை 3.50. உறையை ஒட்டப் போகும்போது என் மனைவி பணிமனைக்குப் போன் செய்தாள். மேலே எழுதியிருப்பதை எல்லாம் தயவுசெய்து படிக்காதீர்கள், படித்திருந்தால் மறந்துவிடுங்கள். இடமில்லை என்று சொல்லவும் வேண்டாம். துவைக்கப் போட்ட உங்கள் சட்டைப் பையில் அக்கா கையை விட்டிருக்கிறார், பாதி காலியான பூச்சி மாத்திரை அட்டை வந்திருக்கிறது, நீங்களும் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டீர்களாம். சலவைப் பிரிவுத் தலைவருக்கே வந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சிரிப்பார்களே என்று யாரிடமும் மூச்சு விடாமல் நீங்கள் மட்டும் தனியாக மாத்திரை போட்டுக்கொண்டிருந்தீர்களாம். பூச்சி அக்காவிடமும் பிள்ளைகளிடமும் சௌகரியமாக இருந்துவிட்டு உங்களிடமே திரும்பி வந்திருக்கிறது. இதைக் கேட்டு நான் மேசையைத் தட்டிச் சிரித்தேன், நடத்துநர்கள் இருவர் எட்டிப் பார்த்தார்கள். உங்கள் கொழுந்தியாள் என்ன சொன்னாள் தெரியுமா? "சிரிக்காதீங்க. பாவம் அத்தான், வீட்ல யாரும் பயப்படக் கூடாதுன்னு எவ்ளோ நாள் தனியாத் தாங்கியிருக்காரு! நீங்க முதல் நாளே தெருவுக்கே தெரியற மாதிரி பால்கனியில நின்னு உதறினீங்க."

பூச்சி வந்தும் நீங்கள்தான் பெரிய மனிதர்.

போகட்டும். அக்கா இன்னொன்றும் சொன்னாராம்: "உன் வீட்டுக்காரர் முன்னாடி நின்னு போட வெச்சாத்தான் இவரு ஒழுங்காப் போடுவாரு. அவருதான் கறாரு." இந்த வாக்கியத்தை என் மனைவியை மூன்று முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன். ஆகவே வெள்ளிக்கிழமை என் வீட்டார் அங்கே வரவில்லை, நீங்கள் நால்வரும் இங்கே வருகிறீர்கள். விரிப்புகளை நீங்களே கொண்டு வாருங்கள், எங்களுடையவை உங்கள் கண்ணுக்கு உறுத்தும். சனிக்கிழமை காலை ஏழு மணிக்கு எட்டுப் பேரும் ஒரே நேரத்தில் மாத்திரை. ஷிப்ட் கிடையாது.

ஒன்றே ஒன்று, அண்ணா. எதற்கும் தேதி குறித்து வைப்பவன் என்பதால், உங்களுக்கு எப்போது ஆரம்பித்தது என்று விசாரித்தேன். எங்களுக்கு மூன்று வாரம் முன்பாகவாம். இதிலும் முந்திக்கொண்டீர்கள். அதனால் சனிக்கிழமை ஏழு மணிக்கு நீங்கள் ஏழு பேரும் போட்டுக்கொள்ளுங்கள். நான் 6.55-க்கே விழுங்கிவிடுவேன். யாரிடமும் சொல்ல வேண்டாம்.