அம்மை போட்டவனுக்கு முதல் பரிசு

தனக்குப் பொறாமையே கிடையாது என்று சொல்பவர்களைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும்.

1991-இல் என் பெரியம்மா மகன் அருளுக்குச் சென்னையில் பாதிரியார்கள் நடத்தும் கல்லூரியில் இடம் கிடைத்தது. (இன்றைக்கு அது பல்கலைக்கழகம்.) அதே கல்லூரி என் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு மிகுந்த கருணையோடு திருப்பிக் கொடுத்தது. அவன் சரித்திரம் படித்தான். நான் மறைமலை நகரில் ஒரு கம்பெனியில் நட்டு முறுக்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் எங்கள் ஊர் மண்ணூரில் மாதா கோயில் வாசலிலேயே அருள் ஆரம்பித்துவிடுவான். "எங்க காலேஜ மொதல்ல ஒரு கொட்டாய்லதான்டா ஆரம்பிச்சாங்க. சாமியாருங்களே செங்கல் தூக்கினாங்களாம். இப்ப லைப்ரரியே மூணு மாடி கீது!" கேட்டுக் கேட்டு அந்தக் கல்லூரியின் வரலாறு எனக்குச் செபமாலை மாதிரி மனப்பாடமாகிவிட்டது.

ஒருநாள் அருளுக்கு அம்மை போட்டது. "லீவ் லெட்டர குட்த்துட்டு வந்துடுடா கண்ணு" என்று பெரியம்மா என்னை அனுப்பினார். அவனுடைய இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன். (அம்மை போட்டவன் சட்டை! பொறாமைக்கு ஏது சுகாதாரம்?)

கடிதத்தை ஆபீசில் கொடுத்துவிட்டு, அங்கேயே படிப்பவன் போல வராந்தாவில் உலாத்தினேன். வெள்ளை அங்கி போட்ட ஒரு ஃபாதர் என் தோளைப் பிடித்து, "மணி அடிச்சாச்சு, உள்ளே போப்பா" என்று ஒரு ஹாலுக்குள் தள்ளிவிட்டார். கட்டுரைப் போட்டி. தலைப்பு: 'நம் கல்லூரியின் வரலாறும் வாழ்வும்'.

பெயர் எழுதும் இடத்தில் 'அருள்ராஜ்' என்று எழுதினேன். அவன் மானத்தை வாங்கத்தான். பிறகு இப்படி எழுதித் தள்ளினேன்: செங்கல் தூக்கிய சாமியார்கள் இன்றைய மாணவர்களைப் பார்த்தால் அந்தச் செங்கலை யார் தலையில் போடுவார்கள்? லைப்ரரியின் மூன்று மாடியிலும் நல்ல தூக்கம் கிடைக்கும். தத்துவ வகுப்பில் கடவுள் இருக்கிறாரா என்று பேராசிரியர் கேட்பார். மணி அடித்ததா என்று மாணவர்கள் கேட்பார்கள். விடுதி சாம்பார், கல்லூரிக்கு முன்பே நிறுவப்பட்டது. இனி அருளுக்கு டி.சி.தான் என்ற நிம்மதியோடு ஊர் திரும்பினேன்.

ஆண்டு விழாவுக்குக் குடும்பத்தோடு போயிருந்தோம். "நம்ம காலேஜைப் பத்தி இவ்வளவு குறும்பா, இவ்வளவு பாசமா யாரும் எழுதினதில்ல" என்று அதே ஃபாதர் மைக்கில் சொன்னார். "முதல் பரிசு, அருள்ராஜ்!"

கைதட்டல். பெரியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். அருள் திருதிருவென்று விழித்தான். நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். வயிற்றெரிச்சல் விடவில்லை. நாற்காலி மேல் ஏறி, "அது நான் எழுதினது!" என்று கத்திவிட்டேன்.

ஹாலே திரும்பிப் பார்த்தது. "நீ எந்த டிபார்ட்மென்ட்?" என்றார் ஃபாதர்.

"நான்... அவன் தம்பி ஃபாதர். லீவ் லெட்டர் குடுக்க வந்தேன்."

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. "எறங்குடா, மானம் போவுது!" என்றார் பெரியம்மா. வெளியாள் என்பதால் எனக்குப் பரிசு இல்லை. எழுதாததால் அருளுக்கும் இல்லை. இரண்டாவதாக வந்தவன் கோப்பையைத் தூக்கிக்கொண்டு போனான்.

அருள் இப்போது அங்கேயே பேராசிரியர். (ஆமாம், இன்னும் எரிகிறது.) என் வீட்டில் குழம்பு நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் போதும், என் மகள் எழுந்து நின்று, "அது நான் எழுதினது!" என்பாள்.

போன மாதம் அருளின் மகளுக்குக் கோயிலில் கல்யாண ஓலை வாசித்தார்கள். "இத்திருமணத்துக்குத் தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம்" என்று சாமியார் முடித்ததுதான் தாமதம், கோயிலே என்னைத் திரும்பிப் பார்த்தது. பெரியம்மா என் வாயைப் பொத்தினார்.