ஹொலண்ட் அண்ணையின் அலுமாரி

லண்டன் டூட்டிங்கில் எல்லோரும் தங்களுக்கு ஏற்ற வீடு தேடுவார்கள். ஹொலண்ட் அண்ணை ஒருவர்தான் தன் அலுமாரிக்கு ஏற்ற வீடு தேடினார். வீடு காட்ட வந்த ஏஜென்ட் குளியலறையைப் புகழ்ந்துகொண்டிருக்க, இவர் அளவு நாடாவோடு கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். சொன்னது அவருடைய மனைவி மலரக்கா.

நெதர்லாந்தில் பல வருஷம் இருந்துவிட்டு லண்டனுக்கு வந்தவர்; அதனால்தான் ஹொலண்ட் அண்ணை. அங்கே ஒரு பழைய சாமான் கடையில் வாங்கிய, படுக்கை விரிப்புகள் வைக்கும் அலுமாரி அது. உச்சியில் சிங்கமுகம், ஓரமெல்லாம் திராட்சைக்கொடிச் செதுக்கல், கதவுகளில் பச்சையும் சிவப்புமாகத் தீட்டிய பூக்கள், பறவைகள். முன்னறையில் அதை வைத்த பிறகு சோஃபாவுக்கு இடமில்லை. போன நாங்களெல்லாம் குசினியில் அடுப்புக்குப் பக்கத்தில் இருந்துதான் தேத்தண்ணி குடித்தோம்.

"என்னத்துக்கு அண்ணை இவ்வளவு பெரிசு?"

"தம்பி, அந்த ஹொலண்ட்காரங்கள் ஒரு காலத்தில கப்பலில வந்து எங்கட ஊரையே பிடிச்சு வைச்சிருந்தவங்கள். நான் ஒரு அலுமாரிதானே கொண்டுவந்தனான்!"

ஒருமுறை மலரக்கா அரிசி மூட்டையை அதன் அடித்தட்டில் வைத்துவிட்டார். அன்று முழுக்க அண்ணை அக்காவோடு பேசவில்லை, அலுமாரியோடுதான் பேசினார். "கோவியாதை, அவவுக்கு விளங்கேல்லை." உள்ளே இருந்த வெள்ளை விரிப்புகளை அவரே தோய்ப்பார், அயன் பண்ணுவார், அடுக்குவார். யாரும் அவற்றில் படுத்ததில்லை. மாமியார் வந்து தங்கியபோதுகூட அலுமாரி திறக்கவில்லை.

நாங்கள் அவருக்கு மேல்வீட்டில் இருந்தோம். ஒரு ஜனவரிக் காலையில் எங்கள் தண்ணீர்க் குழாய் வெடித்தது. கட்டில், போர்வை, பிள்ளையின் உடுப்பு எல்லாம் ஊறிவிட்டன. தண்ணீர் கீழேயும் இறங்கிக்கொண்டிருந்தது. நேர் கீழே அந்த முன்னறை. கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு நானும் மனைவியும் ஓடினோம்.

கதவு திறந்தே கிடந்தது. அண்ணை கதிரையில் ஏறி நின்று அலுமாரிக்குக் குடை பிடித்துக்கொண்டிருந்தார். அவருடைய தலை நனைந்துகொண்டிருந்தது.

"அண்ணை, மன்னிச்சுக்கொள்ளுங்கோ…"

திரும்பிப் பார்த்தார். பிள்ளை நடுங்கிக்கொண்டிருந்தான்.

"அதை விடும் தம்பி. பிள்ளை விறைக்கிறான். மலர், ஹீட்டரைப் போடும்!"

குடையை அப்படியே நிலத்தில் போட்டார். அலுமாரியை அகலத் திறந்து விரிப்புகளை அள்ளினார். ஒன்றில் பிள்ளையைச் சுற்றினார். இன்னொன்றை என் மனைவியின் தோளில் போர்த்தினார்.

"குடையை நான் பிடிக்கிறன் அண்ணை!"

"நீர் முதல்ல தலையைத் துடையும்" என்று எனக்கும் ஒன்றை எறிந்தார்.

மலரக்கா மேலே போய்த் தண்ணீரை நிறுத்துவதற்குள் ஒரு கதவில் நிறம் பொருமி உரிந்துவிட்டது. ஆள் பிடித்துத் திருத்தித் தருகிறேன் என்று எத்தனையோ தரம் கேட்டுவிட்டேன். அண்ணை விடுவதாக இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அந்த இடத்தைக் காட்டி என்ன நடந்தது என்று கேட்பார்கள். அண்ணை என் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வார்.

"அதுவோ? அது இவர் முதல்முதலா எங்கட வீட்டை வந்த நாள்."