புதுசு அண்ணனின் மெத்தை

தான் வாங்கிய பொருளைக் கண்ணால் பார்க்காமலே அனுபவித்த மனிதர் இந்த உலகத்தில் ஒருவர்தான் இருக்க முடியும். அவர் எழுபதுகளில் மலேசியாவில், ஈப்போ நகரத்துப் புந்தோங்கில் என்னோடு ஒரே அறையில் குடியிருந்தார். ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர் பாதிரியாருக்குத் தெரிந்திருக்கும். எங்களுக்கு அவர் புதுசு அண்ணன்.

ஈப்போவிலிருந்து தாப்பாவுக்கு ஓடிய பஸ்ஸில் டிக்கெட் கிழிப்பது அவர் வேலை. டிக்கெட்டைத் தவிர வேறு எதையும் அவர் கிழித்ததில்லை. ரேடியோ அட்டைப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். திருகு மட்டும் ஒரு ஓட்டை வழியாக வெளியே எட்டிப் பார்க்கும். பாடுவது ஆணா பெண்ணா என்று எங்களுக்குள் பந்தயமே நடக்கும். கைக்கடிகாரத்தில் கடைக்காரர் ஒட்டிய ஸ்டிக்கரை உரிக்கவில்லை என்பதால், மூன்றிலிருந்து ஐந்துவரை மணி என்னவென்று எங்களைத்தான் கேட்பார். மழை வந்தால் குடையைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு தொப்பலாக நனைந்து வருவார். கேட்டால் ஒரே பதில்தான்.

"புதுசுலா. நனைஞ்சா கெட்டுப் போயிடும்."

தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் எட்டாவது பிள்ளையாகப் பிறந்தவர். பத்தொன்பது வயதுவரை அண்ணன்மார் போட்டுக் கழித்த சட்டையைத்தான் போட்டிருக்கிறார். அது தெரிந்ததால் நாங்கள் வாய் வலிக்கக் கேலி செய்வோமே தவிர, அவர் சாமான் மேல் கை வைத்ததில்லை.

அவருக்குத் தாப்பாவில் ரெஜினா என்ற தையல்காரப் பெண்ணை நிச்சயம் செய்தார்கள். மறுவாரமே ஒரு ஸ்பிரிங் மெத்தை வாங்கி லாரியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு ஆறு மாதம் இருந்தது. எங்கள் அறையில் அந்த மெத்தையைப் போட்டபின் நிற்க இடமில்லை. தன்னுடைய கான்வாஸ் கட்டிலை எனக்குக் கொடுத்துவிட்டு, மெத்தையின் மேல் ஒரு விரிப்பைப் போட்டு அதில் படுக்க ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து அவருக்கு வேர்த்தது. சாதாரண வேர்வை இல்லை. காலையில் குழாயடியில் நின்று கைலியையும் பனியனையும் பிழிந்தார் என்றால் ரோஜாத் தொட்டி இரண்டுக்குத் தண்ணீர் ஊற்றலாம். ஜன்னலைத் திறந்தோம், பவுடர் பூசினோம், தலைமாட்டில் காற்றாடி வைத்தோம். காற்றாடியின் மேலிருந்த பிளாஸ்டிக் உறையை அவர் எடுக்கவிடவில்லை என்பதால் அது சும்மா உறுமியது.

தூக்கம் போனது. மனிதர் பஸ் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே தூங்கினார். ஒருநாள் பாதி வழியில் கம்பாரில் திடுக்கிட்டு விழித்து, "தாப்பா, தாப்பா, எறங்கு" என்று கூவியதில் ஒரு சீனக் கிழவி கோழிக்கூடையோடு இறங்கிவிட்டார். அதன்பின் ஒரு மாதம் அந்தக் கிழவி அவரிடம் டிக்கெட் வாங்கும்போதெல்லாம் ஊர்ப் பெயரை மூன்று தடவை சொல்ல வைத்தார்.

இங்கேதான் என் வாய் புகுந்து கெடுத்தது. கத்தோலிக்கர் வழக்கப்படி கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் கல்யாண அறிவிப்பாக ஓலை வாசிப்பார்கள். தடை இருந்தால் யாரும் சொல்லலாம். முதல் ஓலை வாசித்த அன்று பெண் வீட்டில் விருந்து. ரெஜினாவின் அண்ணன் ஒரு தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரசர், அதாவது அந்த ஊருக்குப் பாதி டாக்டர். கோழிக்கறி உள்ளே போன தெம்பில், மாப்பிள்ளை தூக்கத்தில் வேர்க்கும் கதையை நான் நடித்தே காட்டினேன். எல்லாரும் சிரித்தார்கள். டிரசர் மட்டும் சாப்பிடுவதை நிறுத்திவிட்டார்.

"ராத்திரியிலயா வேர்க்குது? எளச்சும் போயிருக்காரே. இருமல் உண்டா?"

அவர் எதை நினைக்கிறார் என்று எல்லாருக்கும் புரிந்துவிட்டது. அந்தக் காலத்தில் காசநோய் என்ற சொல்லை வீட்டுக்குள் யாரும் சத்தமாகச் சொல்லமாட்டார்கள். டிரசர் கோபப்படவில்லை. எக்ஸ்ரே எடுத்துக் காட்ட வேண்டும், மூன்றாவது ஓலைக்குள் சந்தேகம் தீராவிட்டால் நானே போய்ப் பாதிரியாரிடம் நிறுத்தச் சொல்வேன் என்று தணிவாகச் சொன்னார்.

திரும்பும் பஸ்ஸில் புதுசு அண்ணன் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்கு வந்ததும் தன் கோப்பையையும் தட்டையும் எடுத்துத் தனியாக ஜன்னலோரம் வைத்தார். யாரும் சொல்லாமல் அவராகவே வைத்தார். அதைப் பார்த்து நான் வெட்கத்தில் செத்தேன்.

இரண்டாவது ஓலையும் வாசித்தாயிற்று. அடுத்த வெள்ளிக்கிழமை எக்ஸ்ரே முடிவு வந்தது. நெஞ்சு சுத்தம். அன்று மாலையே டிரசர் புந்தோங்குக்கு வந்துவிட்டார். நெஞ்சு சுத்தமென்றால் வேர்வை எங்கிருந்து வருகிறது என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டும். அறைக்குள் வந்து மெத்தையில் உட்கார்ந்தார். அது சரசரவென்று சத்தம் போட்டது. எழுந்தார். மறுபடி உட்கார்ந்தார். மறுபடியும் சரசர. மெதுவாக விரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கடையில் சுற்றிய கனத்த பிளாஸ்டிக், ஒரு மூலைகூடக் கிழியாமல் பளபளவென்று இருந்தது.

"எத்தன மாசமா இதுல படுக்குறீங்க?"

"அஞ்சு மாசம் ஆச்சு."

"ஏன் பிரிக்கல?"

புதுசு அண்ணன் தரையைப் பார்த்தார். "ரெஜினா வந்து பிரிக்கட்டும்னுதான். அவங்க வீட்லயும் எல்லாம் பழசுதானே. ஒண்ணாச்சும் புதுசா இருக்கட்டுமே."

டிரசருக்கு வேர்வையின் காரணம் புரிந்துவிட்டது. ஆனாலும் கண்ணால் பார்க்காமல் நம்புகிறவர் இல்லை. அன்றிரவு மாப்பிள்ளையைக் கான்வாஸ் கட்டிலில் படுக்க வைத்துவிட்டு, தானே அந்த மெத்தையில் படுத்தார். நான் தரையில்.

விடிந்து கண் விழித்தபோது குழாயடியில் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். டிரசர் தன் பனியனைப் பிழிந்துகொண்டிருந்தார். உள்ளே கட்டிலில் புதுசு அண்ணன் வாயைத் திறந்து குறட்டை விட்டார். கைலி காய்ந்த பப்படம் மாதிரி இருந்தது. அவர் ஏற வேண்டிய முதல் பஸ் போய் ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. எழுப்பப் போன என்னை டிரசர் தடுத்தார்.

"விடுங்க தம்பி. நாளைக்கு ஓல வாசிக்கட்டும். இன்னிக்கு மாப்ள தூங்கட்டும்."

எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. ஜன்னலோரம் இருந்த அவருடைய கோப்பையை எடுத்து அதிலேயே காப்பி ஊற்றிக் குடித்தேன்.

கல்யாணத்தன்று ரெஜினா அக்கா தையல் கத்தரிக்கோலால் அந்தப் பிளாஸ்டிக்கை வெட்டினார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாராம். பிறகு குனோங் ராபாட்டில் வீடு வாங்கினார்கள். அங்கே நாற்காலி, டிவி, விளக்கு எல்லாம் உறைக்குள்தான். மெத்தையை மட்டும் அக்கா விட்டுவைக்கவில்லை.

எண்பதுகளில் எனக்குக் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை வாசலில் ஒரு லாரி வந்து நின்றது. பின்னால் ஒரு புது மெத்தை, அதைப் பிடித்துக்கொண்டு புதுசு அண்ணன். மெத்தையின் மேல் உறையே இல்லை. புந்தோங் ரோட்டுத் தூசியெல்லாம் அதன்மேல் படிந்திருந்தது. நான் அவரையும் மெத்தையையும் மாறி மாறிப் பார்த்தேன். மடித்த பிளாஸ்டிக் அவர் கக்கத்தில் இருந்தது. அதை வீட்டுக்கு எடுத்துப் போகப் போகிறார் என்று தெரிந்தது.

"கடையிலயே நானே கிழிச்சிட்டேன் தம்பி. கை நடுங்கிச்சுலா. ஆனா நீ வேர்த்துக்கிட்டுப் படுக்கக் கூடாதுல்ல."