பீலி வீடியோவை எடுத்தது யார்?

அம்பிட்டிய,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள தம்பி மகன் சுரேஸுக்கு அத்தை பேச்சியம்மா எழுதிக்கொள்வது. முழங்காலைத் தவிர நான் சுகம். கொழும்பில் நீயும் உன் மனைவியும் சுகமாக இருக்கக் கட்டுக்கலைப் பிள்ளையார் துணை. உன் கல்யாணத்தில் எனக்கு நாலாவது பந்தியில் இலை போட்டதை இந்தக் கடிதத்தில் எழுத மாட்டேன்.

விசயம் இதுதான். எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் பொதுவான பீலியில் தண்ணீர் வருவது நின்று ஒரு வருசம். ஓட்டுக் கேட்டு வந்த மெம்பர் வீரையா, "ஆத்தா, ஜெயிச்ச மறுநாளே புதுப் பைப்பு" என்றான். ஏப்ரல் பதினெட்டு, பெரிய வெள்ளி, நீலச் சட்டை, என் வீட்டில் இரண்டு கோப்பை பிளேன்டீ குடித்தான். அதையெல்லாம் வெறும் குடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பீலியடியில் நின்று சொன்னேன், பேத்தி கிருஷாந்தி போனில் பிடித்துப் போட்டாள், ஒரே நாளில் கம்பளை, கெலிஓயா ஆட்களெல்லாம் பார்த்துவிட்டார்கள், மூன்றாம் நாள் வீடியோவைக் காணவில்லை. விதிமுறைக்கு ஒத்துவராதாம். யாரடி எடுத்தது என்றால், "அங்க ஆள் இல்ல அம்மாச்சி, மிசின்தான் எடுக்குது" என்கிறாள். மிசினுக்கு வீரையா மேல் என்ன பாசம்?

அப்போதுதான் டிவியில் உன்னைப் பார்த்தேன். மந்திரிக்குப் பக்கத்துக் கதிரையில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருக்கிறாய். போனில் எது இருக்கலாம், எது இருக்கக்கூடாது என்று சட்டம் எழுதும் கம்ப்யூட்டர் நிபுணர்களில் நீயும் ஒருவனாம். எனக்கு ஒன்று விளங்கவில்லை சுரேஸ். வீரையாவுக்கு நான் ஓட்டுப் போட்டேன், அதனால் அவனைத் திட்டலாம். உனக்கு யார் ஓட்டுப் போட்டது? உன்னை நான் எந்த வாசல்ல நின்னு திட்டுறது? ஆறு வயசுல என் அரிசிப் பானைக்குள்ள தவளைய விட்டு மூடி வச்சவன் நீ. அன்னைக்கும் "நான் இல்ல அத்தை"ன்னுதான் சொன்ன. இப்ப மிசின் மேல பழியப் போடாத. ஞாயிற்றுக்கிழமை மாரியம்மன் கோயில்ல வீரையாவுக்கு மாலை போடப் போறாங்க. கழுத்துல மாலை விழுந்துட்டா அப்புறம் பைப்பு வராது. அதுக்கு முந்தி என் வீடியோ வரணும், இல்லாட்டி அந்தக் கதிரைய விட்டு எழும்பிரு. ஒருத்தர் பேசினத இன்னொருத்தர் அழிக்கிறது பெரிய பாவம். இத மந்திரிகிட்டயும் சொல்லு.

உன் பிள்ளைக்கு என் முத்தம். உன் மனைவிக்கு என் விசாரிப்பு, அவள் கேட்டால் மட்டும்.

இப்படிக்கு,
எதையும் மறக்காத அத்தை,
பேச்சியம்மா

பி.கு.: உறையை ஒட்டும் நேரத்தில் கிருஷாந்தி ஒன்று சொன்னாள். அந்த வீடியோவில் எனக்குப் பின்னால் பக்கத்து வீட்டுக் கமலம் புதுச் சேலையோடு சிரித்துக்கொண்டு நின்றாள். அவளோடு எனக்குப் பேச்சு நின்று பதினொரு வருசம். அவளை மட்டும் வீடியோவிலிருந்து எடுக்கச் சொல்லி நான்தான் லைன் முழுக்க ஏறி இறங்கி, முப்பது போனில் முறைப்பாடு அமுக்க வைத்தேன். அந்த முறைப்பாடுகளால்தான் மிசின் மொத்த வீடியோவையும் தூக்கிவிட்டதாம். அதனால் நீ கதிரையை விட்டு எழும்ப வேண்டாம், மந்திரியிடமும் ஒன்றும் சொல்ல வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் வீடியோவைத் திரும்பப் போடு. கமலத்தை மட்டும் அழித்துவிடு. உனக்குத்தான் அதிகாரம் இருக்கிறதே.