எல்லாவற்றையும் காட்டிய பேனர்

பெரிதாக வரைந்தால் பெரிய ஆள் என்று நினைப்பார்கள் என நம்பும் வயது ஒன்று உண்டு. சிலருக்கு அது ஐந்து. எனக்கு நாற்பத்து மூன்று.

சிறுசேரியில் நான் என்டர்பிரைஸ் ஆர்க்கிடெக்ட். (கட்டடம் கட்டுபவன் அல்ல, மாமனார் இன்னும் நம்ப மறுக்கிறார்.) ஒரு நிறுவனத்தில் எந்த வேலை எந்த மென்பொருளை நம்பியிருக்கிறது, அது எந்த இயந்திரத்தை நம்பியிருக்கிறது என்று படம் வரைவது என் பிழைப்பு. அப்போது ஓர் இறால் ஏற்றுமதி நிறுவனத்துக்காக வரைந்துகொண்டிருந்தோம். அதன் முதலாளி தலையாட்டாவிட்டால் என் குழு மொத்தமும் வேலையின்றி பெஞ்சில் உட்கார வேண்டும்.

பெட்டி, அம்பு, கோடு, எதையும் விடாமல் ஒரே படமாக்கி, செங்கல்பட்டில் ஃப்ளெக்ஸ் பேனராக அடித்தேன். கடைக்காரர், "மாநாடு எங்க அண்ணாத்த?" என்றார். பெருமையாக இருந்தது.

முட்டுக்காட்டில் ஒரு ரிசார்ட்டின் கூட்ட அறை. சுவர் முழுக்கப் பேனர். முதலாளி கண்ணாடியை ஏற்றியும் இறக்கியும் பார்த்தார்.

"இன்னா சார் இது, நண்டு வலையில மாட்டிக்கினு கீற மாதிரி கீது? ஐஸ் மிஷின் நின்னுபோச்சுன்னா எனக்கு எந்தெந்த வேலை நிக்கும்? அத்த மட்டும் காட்டு."

"இதோ சார்." நின்று தேடினேன், குனிந்து தேடினேன், கடைசியில் மண்டி போட்டேன். நான் வரைந்த படத்தில் எனக்கே வழி தெரியவில்லை.

"மொதலாளி, சார் சாமி கும்புடறாரா?" என்றார் அவருடைய கணக்காளர்.

முதலாளி எழுந்துவிட்டார். என் குழுவிலிருந்த கயல்விழி, "ரெண்டே நிமிஷம் சார்" என்று அவரை நிறுத்தினாள். மேசையிலிருந்த வெள்ளை சார்ட் தாள்களைப் பேனர்மேல் சரசரவென ஒட்டினாள். ஐஸ் மிஷினும் அதனால் நிற்கும் வேலைகளும் மட்டும் மிஞ்சின. "இது உங்களுக்கு." தாள்களை இடம் மாற்றினாள், பில் போகும் பாதை தெரிந்தது. "இது கணக்குக்கு."

படம் அதேதான். யார் கேட்கிறார், எந்தக் கவலையில் கேட்கிறார் என்று முதலில் பார்ப்பது வியூபாயிண்ட். அதற்கேற்பக் காட்டுவது வியூ. இதை நான் வகுப்பெடுத்தே சம்பாதித்திருக்கிறேன். அவள் செய்து காட்டினாள். என்னை அறியாமல் கைதட்டினேன். (மண்டியிட்டபடியேதான்.)

முதலாளி ஒப்புக்கொண்டார். போகும்போது என் தோளைத் தட்டினார். "நல்லாத்தான் வரைஞ்சிகீற சார். இன்னாத்த மறைக்கணும்னுதான் தெரியல."

கயல்விழி இப்போது எனக்கு மேலதிகாரி. நியாயம்தான். ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவள் இந்தக் கதையை என் மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனாள். அன்றிலிருந்து, போனில் யாராவது ஏதாவது கேட்டு, நான் கொலஸ்ட்ராலில் தொடங்கி ஆபீஸ் அரசியலுக்குள் நுழைந்தால், மனைவி என் முகத்துக்கு நேரே ஒரு செய்தித்தாளை விரிப்பாள்.

"என்னங்க, கல்யாணத்துக்கு வருவீங்களான்னுதான் கேக்கறாங்க."